தைத்த படகும் வார்த்த படகும்

1780 ஜனவரியில் ஸ்காட்லாந்துப் பட்டாளம் ஒன்று சென்னைக்கு வந்து சேர்ந்தது. மெக்லியாட் ஹைலேண்டர்ஸ் என்று பெயர். பல மாதக் கடல் பயணம் முடிந்து கப்பல் நங்கூரம் போட்டாயிற்று. கோட்டை கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் இறங்கி நடக்க வழியில்லை. சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையை விட்டு வெகுதூரம் தள்ளித்தான் நிற்கும். நடுவில் வரிசை வரிசையாக அலை உடையும். கப்பலோடு வந்த ஐரோப்பியப் படகுகளை அதில் இறக்கினால் தரைதட்டிப் பலகை பிளந்துவிடும். கவர்னரானாலும் கடைநிலைச் சிப்பாயானாலும், பியானோவானாலும் பீரங்கியானாலும், ஆணி ஒன்றுகூட அடிக்காமல் கயிற்றால் தைத்த உள்ளூர்ப் படகில் ஏறித்தான் கரை காண வேண்டும். அந்தப் பட்டாளத்தின் பேக்பைப் வாத்தியங்களுக்கும் வேறு வழி இருந்திருக்காது.

மறு வருஷம் ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடு சண்டை. குண்டுகளுக்கு நடுவே விடாமல் வாசித்துக்கொண்டிருந்த பைப்காரர்களைக் கண்ட தளபதி ஐர் கூட், வெள்ளி கட்டிய பைப் வாங்கிக்கொள்ளச் சொல்லி 50 பவுன் கொடுத்தார் என்பது அந்தப் படைப்பிரிவின் வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் சம்பவம். அதே 1781இல்தான் ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் என்ற ஊரில் பைப் வாசிப்புக்கு முதல் போட்டி நடந்தது. லண்டனில் இருந்த ஹைலேண்டு சங்கம் பரிசு வைத்தது. பழைய குலத்தலைவர்கள் ஆதரிக்க முடியாமல் கைவிட்ட வாத்தியத்துக்குப் போட்டி மேடையும் ராணுவமும் புதுப் புரவலர்களாக வந்து வாய்த்தன.

பைப் இன்றைக்கும் இருக்கிறது. டெல்லியில் ஜனவரி 29ஆம் தேதி பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் நம் ராணுவத்தின் பைப் பேண்டுகள் வாசிக்கின்றன. பாகிஸ்தானின் சியால்கோட்டில் பட்டறை பட்டறையாகச் செய்து உலகமெங்கும் ஏற்றுமதி செய்கிறார்கள். அதைக் கரை சேர்த்த படகுதான் இல்லை.

அந்தப் படகை ஆங்கிலேயர் மசூலா என்றார்கள். நம்மிடம் சலங்கு என்றும் வெறுமனே படகு என்றும் வழங்கியது. நீளம் முப்பது அடிக்குக் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும், அகலம் பத்தடி. மரப்படகு என்றாலே உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டங்கள் வைத்து, அவற்றின்மேல் பலகையை அறைவார்கள். இதில் சட்டமே கிடையாது. பலகைகளின் ஓரத்தில் நெருக்கமாகத் துளை போட்டு, இரண்டு பலகை சேரும் இடத்தில் நாரைத் திரியாகத் திரட்டி வைத்து, அதன்மேல் தென்னங்கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாக இழுத்து இறுக்கித் தைப்பார்கள். தண்ணீர் பட்டதும் நார் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். அப்படியும் ஒழுகத்தான் செய்யும். இறைத்து ஊற்ற என்றே ஒரு ஆளோ பையனோ படகில் இருப்பான்.

ஒழுகுகிற படகை எதற்காக இவ்வளவு பாடுபட்டுச் செய்ய வேண்டும்? காரணம் சென்னைக் கரையின் அலையில் இருக்கிறது. விறைப்பாகக் கட்டிய படகை அலை தூக்கி மணலில் குத்தினால் அடி முழுக்க ஓரிடத்தில் இறங்கும். சட்டம் முறியும், ஆணி பிடுங்கிக்கொள்ளும். தைத்த படகு அந்த அடியைப் பலகை பலகையாகப் பங்கிட்டுக்கொண்டு வளைந்து கொடுத்து, அடுத்த அலைக்குள் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். தையல் நைந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்பு போட, பின்னால் தண்டேல் நின்றபடி திருப்புவார். மூங்கில் கழியின் நுனியில் ஒரு பலகையைக் கட்டினால் அதுதான் துடுப்பு. அலைகளுக்கு வெளியே காத்திருந்து, தோதான அலை வரும்போது கூச்சலோடு ஒரே மூச்சில் இழுத்துக் கரையேற்ற வேண்டும். அலை நடுவே படகை நிறுத்தி இனாம் கேட்டார்கள் என்று துரைமார்களும் துரைசாணிகளும் பயண நூல்களில் புலம்பியிருக்கிறார்கள். எனக்கு அதில் குறைசொல்ல ஒன்றும் தெரியவில்லை. கூலி எவ்வளவு என்று கம்பெனி அட்டவணை போட்டுவிட்டது. பேரம் பேச அவர்களுக்கு மிச்சமிருந்த ஒரே இடம் அந்த அலைதான்.

சலங்கு கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே போகும். அலை கடுமையாகி எந்தப் படகும் போக முடியாத நாளில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனதும் கட்டுமரக்காரர்தான். கூம்பு வடிவ ஓலைத்தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு போவார். மரம் தண்ணீரில் முங்கி எழுந்தாலும் கடிதம் நனையாது.

இந்தப் படகோட்டிகளின் ஊர்தான் ராயபுரம். குருகுல வம்சத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட கத்தோலிக்கப் படகோட்டிகள் தங்கள் சம்பாத்தியத்தில் எழுப்பிய புனித இராயப்பர் கோயில் இன்றும் நிற்கிறது. இராயப்பர் என்றால் பேதுரு, அவரும் மீன்பிடித்தவர். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்த நிலையத்தின் தூண் வைத்த கட்டடமும் இருக்கிறது. 2005இல் பழுதுபார்த்தார்கள். அதை அருங்காட்சியகம் ஆக்கலாமா, புதிய ரயில் முனையம் ஆக்கலாமா என்று அவ்வப்போது பேச்சு எழும், அடங்கும். கட்டடம் என்றால் நமக்குப் பாதுகாக்கத் தோன்றுகிறது. கையில் இருந்த வேலையைப் பாதுகாக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சலங்கின் கதையை முடித்தது துறைமுகம். 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். 1870களின் நடுவில் துறைமுக வேலை தொடங்கியது. முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் வந்து கற்களை உருட்டிப்போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த வாசலில் மணலும் அலையும் புகுந்து தொல்லை கொடுக்க, 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை அடைத்து வடகிழக்கே வாசல் வைத்தார். துறைமுகக் குமாஸ்தாவாக இருந்த கணித மேதை ராமானுஜனின் கணக்கு நோட்டை மதித்த அதே ஸ்பிரிங்தான். கப்பல்கள் துறைமேடையை நேரே அணையத் தொடங்கிய பிறகு சலங்குக்கு வேலை இல்லை. வடக்கே ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் கரைவலை இழுக்க அதன் உறவுக்காரப் படகுகள் இன்னும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தன. சென்னையில் தைக்கிற கை முதலில் நின்றது.

கட்டுமரத்துக்கு இதனால் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. அது கப்பலை நம்பிய பிழைப்பு இல்லை, மீனை நம்பியது. ஆனாலும் அதையும் துறைமுகம்தான் பிடித்தது. என்ன, பிடிக்க நூறு வருஷம் ஆயிற்று.

கட்டுமரம் கட்டுவதைப் பார்க்காதவர்கள், நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டிய மிதவை என்று நினைப்பார்கள். எடை குறைந்த மரமாகத் தேர்ந்தெடுத்து, கோடாலியால் பிளந்து, வாச்சியால் செதுக்கிச் செதுக்கி ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி வளைவு கொடுக்க வேண்டும். நடுமரம் தாழ்ந்திருக்கும், ஓரத்து மரங்கள் கொஞ்சம் உயர்ந்திருக்கும். சேர்த்துக் கட்டும்போது நடுவில் குழிந்து, மீனும் வலையும் உட்கார இடம் கிடைக்கும். முன்பக்கம் அணியத்துக் கட்டைகள் கூர்ந்து மேல்நோக்கி வளைந்து அலையைக் கிழிக்கும். முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்கினால் தீர்ந்தது. இதிலும் ஆணி இல்லை. கரைக்கு வந்ததும் கட்டைப் பிரித்து மரம் மரமாகத் தோளில் தூக்கி மணலில் போட்டுக் காயவைப்பார்கள். நீர் குடித்த மரம் கனக்கும், மிதப்பு குறையும். காய்ந்தால் லேசாகிவிடும். மறுநாள் விடியலில் திரும்பக் கட்டு. கட்டுவதும் பிரிப்பதும் அன்றாடம் என்பதால், கட்டுமரக்காரன் ஒவ்வொருவனும் பாதித் தச்சன்.

இந்த வேலை மொத்தமும் நடக்க ஒரு பொருள் வேண்டும். மணல். மரத்தைச் செதுக்கப் பரந்த மணல், ஏற்றி இறக்கச் சரிந்த மணல், பிரித்துக் காயப்போட மணல். ராயபுரத்துக்கு வடக்கே அந்த மணல்தான் போய்விட்டது.

சென்னைக் கடலில் வருஷத்தின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து வருவது வன்னி. தெண்டி தள்ளிக்கொண்டு வரும் மணல்தான் கரையை நிரப்பும். நடுவில் கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவாக அகன்றது. வடக்கே வரவு நின்றது. அலையோ வழக்கம்போல் அரித்துக்கொண்டே இருந்தது. ராயபுரம் பக்கம் 1876க்கும் 1975க்கும் இடையில் கரை சுமார் 500 மீட்டர் உள்வாங்கியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தெருக்கள் போயின, குப்பங்கள் மேற்கே நகர்ந்தன. பிறகு கருங்கல் கொட்டினார்கள். அதற்குப் பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற சாலையில் இன்று ஒரு பக்கம் கண்டெய்னர் லாரி வரிசை, மறுபக்கம் கற்குவியல். அந்தக் கல்லின்மேல் கட்டுமரத்தை ஏற்றினால் கயிறு ஒரு வாரம் தாங்காது.

பைபர் போட் வந்துதான் கட்டுமரம் ஒழிந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பாதி உண்மை. மர வரத்து குறைந்தது அதற்கும் முன்பு. மலைக்காட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பருத்த, லேசான மரம் கிடைப்பது அரிதாகி, விலை ஏறியது. ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்கக் கடல் திட்டம், கட்டுமரத்துக்கு மாற்றாக அலையில் இறங்கி ஏறும் படகுகளை வடிவமைத்துப் பார்த்தது. மறுபக்கம் விசைப்படகுகள் பெருகி, 1980களில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதன்பின் இயந்திரம் பூட்டிய பைபர் போட் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் உடைந்ததற்கெல்லாம் ஈடாக நிவாரணமாக வந்ததும் பெரும்பாலும் பைபர்தான். கடைசி ஆணியைச் சுனாமி அடித்தது என்று சொல்லலாம். ஆணியே இல்லாத ஒன்றுக்கு அப்படிச் சொல்வது கொஞ்சம் அபத்தம்தான்.

காசிமேட்டில் ஒரு மதிய வேளையில் பைபர் போட்டுக்கு ஒட்டுப்போடுவதை நின்று பார்த்தேன். அணியத்துக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு விரிசல். கிரைண்டரை வைத்து அந்த இடத்தைச் சுரண்டினார்கள். வெள்ளைத் தூசி பறந்து தலைமுடி, புருவம், டீ கிளாஸ் எல்லாவற்றிலும் படிந்தது. முகத்தில் ஒரு துண்டு கட்டியிருந்ததோடு சரி. கண்ணாடி நூல் மேட்டை அளவாகக் கத்தரித்து, மக்கில் ரெசினை ஊற்றி, கெமிக்கலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குச்சியால் கலக்கி, பெயிண்ட் பிரஷ்ஷால் மேட்டின்மேல் தோய்த்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மேட் ஏறியது. கெமிக்கல் கூடிவிட்டால் மக்கிலேயே இறுகிச் சுடும், குறைந்தால் ராத்திரி வரைக்கும் பிசுபிசுக்கும். வெயிலைப் பார்த்து அளவைக் குறைக்கவும் கூட்டவும் தெரிய வேண்டும். இதுவும் கைவேலைதான். வாச்சி பிடித்தவரின் பேரன் இந்த அளவை ஒருநாளில் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

பக்கத்தில் வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"நீங்க மரம் கட்டியிருக்கீங்களா, ஐயா?"

"கட்டாம? எங்கப்பன் செதுக்குவாரு, நான் கயிறு இழுப்பேன். இந்தக் கையால எத்தினி மரம் கட்டியிருப்பேன்."

"இப்ப யாராவது வந்து ஒண்ணு கட்டிக் குடுங்கன்னு கேட்டா?"

"கட்டிட்டு எங்கப்பா வுடறது? கரை எங்க கீது? மொதல்ல கரையக் காட்டு, அப்பால மரத்தப் பத்திப் பேசலாம்."

பைபர் பரவாயில்லையா என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை. "இடுப்பு காயுதுல்ல?" என்றார். கட்டுமரத்தில் உட்கார்ந்தால் இடுப்புவரை எப்போதும் ஈரம். உப்புத் தண்ணீர் தொடையை அரித்துப் புண்ணாக்கும். மார்கழிக் குளிரில் வாய் கிட்டிப்போகும். பைபரில் உலர்ந்து உட்காரலாம், மோட்டாரைப் போட்டால் நாலு மடங்கு தூரம் போகலாம். அருங்காட்சியகத்தில் கட்டுமரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நம்மைப் போன்றவர்கள் அதில் ஒரு ராத்திரி போய்வந்துவிட்டுப் பெருமூச்சு விட்டால் நியாயமாக இருக்கும்.

பொருள் மாறுவதில் எனக்குக் குறை இல்லை. பேக்பைப்பையே பாருங்கள். ஸ்காட்லாந்துக் கைவினைஞர்கள் முதலில் தங்கள் ஊர் மரத்தைத்தான் கடைந்தார்கள். பேரரசு விரிய விரிய மேற்கிந்தியத் தீவுகளின் மரமும் கருங்காலியும் கடைசலுக்கு வந்தன. பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவின் கரிய மரம் வந்து நிலைத்துவிட்டது. தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் மெதுவாக வளர்கிற, இரும்பு மாதிரி கனக்கிற மரம் அது. குழல் முனைகளில் யானைத் தந்தப் பூண் பதித்தார்கள். 1989இல் தந்த வணிகத்துக்கு உலகத் தடை முடிவான பிறகு அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்துவிட்டது. ஆட்டுத்தோல் பையைப் பதமாக வைக்கத் தேன், கிளிசரின் என்று எதையெதையோ உள்ளே ஊற்றிப் பிசைந்த காலம் போய், செயற்கைத் துணிப் பைகள் வந்தன. சுருதி கூட்டும் குழல்களின் சீவாளிகூடப் பலரிடம் செயற்கைதான். அத்தனையும் மாறியும் காற்றைப் பையில் தேக்கிக் கையால் அழுத்தி இடைவிடாமல் ஊதுகிற முறை மாறவில்லை. கற்றுக்கொடுக்க ஆசானும், வாசிக்க இடமும், பரிசு தரச் சங்கமும் இருந்தன.

நம் பக்கத்திலும் அப்படிப் பிழைத்த வேலை உண்டு. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைகிறார்கள். ஆச்சா மரம்தான் வேண்டும், அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல காலம் உலர்ந்த உத்தரமும் தூணுமாக இருந்தால் விசேஷம். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததால் அந்த வேலை நிலைத்தது என்று நினைக்க வேண்டாம். கல்யாணமும் கோயில் புறப்பாடும் நடக்கிறவரை கேட்டு வாங்க ஆள் உண்டு என்பதால்தான் குறியீடு கொடுக்க அங்கே எதுவோ மிச்சம் இருந்தது. ஒத்து ஊதுகிறவரின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டதையும் கூடவே சொல்ல வேண்டும்.

சலங்குக்கும் கட்டுமரத்துக்கும் சடங்கு இல்லை, மேடை இல்லை. அவற்றை அளந்து வரைந்தவர்களும் வெளியாட்கள்தான். 1830 வாக்கில் 'லா ஃபாவரித்' என்ற கப்பலில் இந்தப் பக்கம் வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரிஸ் ஊர் ஊராகப் படகுகளை அளந்து, 1840களின் தொடக்கத்தில் பெரிய படப் புத்தகமாகப் போட்டார். சோழமண்டலக் கரையின் தைத்த படகும் கட்டுமரமும் அதில் உண்டு. சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளின் வடிவமைப்பைப் பற்றி எழுதினார். ஷான் மெக்ரேல் 2003இல் தெற்காசியப் படகுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். கடலைப் பற்றி ஆயிரம் பாட்டு வைத்திருக்கிற நாம், எந்த மரத்தை எந்த இடத்தில் எவ்வளவு செதுக்க வேண்டும் என்பதை வாச்சி பிடித்தவரின் வாயால் கேட்டு எழுதி வைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. தைத்த கப்பலுக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. அஜந்தா குகை ஓவியத்தில் இருக்கும் 5ஆம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, மத்திய அரசின் பணத்தில் கோவாவில் ஒரு பாய்மரக் கப்பலைத் தைத்தார்கள். வரைபடம் எதுவும் இல்லை. ஓவியத்திலிருந்தே எல்லாவற்றையும் ஊகித்தார்கள். கப்பலின் மாதிரியைத் தண்ணீரில் சோதித்துக் கொடுத்தது நம் கிண்டி ஐஐடியின் கடல் பொறியியல் துறை. 2025 மே மாதம் கார்வாரில் 'கௌண்டின்யா' என்று பெயர் சூட்டிக் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருஷ முடிவில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குப் பாய் விரித்தது. பலகை தைத்த கைகள் கேரளத்துக் கைகள். இதற்கு முன்பு ஓமனில் தைத்து, 2010இல் சிங்கப்பூருக்கு ஓட்டிச்சென்ற 'ஜூவல் ஆஃப் மஸ்கட்' கப்பலுக்கும் கேரளத்துக் கயிற்றுவேலைக்காரர்கள் போயிருந்தார்கள். அங்கே அந்த வித்தை எப்படித் தப்பியது என்றால், கயிற்றால் தைத்த, நெல் சுமந்த கெட்டுவள்ளங்கள் லாரிப் போட்டியில் படுத்துவிட்ட நேரத்தில், 1990களில் சுற்றுலாக்காரர்களின் படகுவீடாக மாறிப் பிழைத்துக்கொண்டன. காயலின் அமைதியான தண்ணீர் அதற்குத் தோதாக இருந்தது. படுக்கையும் ஏசியும் வைக்கலாம். சென்னை அலையில் தூக்கிப் போடுகிற சலங்கில் தேனிலவுக்கு யார் வருவார்கள்?

நாளைக்கே யாராவது பணம் போட்டு, பாரிஸின் படத்தைப் பார்த்து, கேரளத்திலிருந்து ஆள் கூட்டிவந்து ஒரு சலங்கைத் தைத்துவிடலாம். தைக்கவும் முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதை அலையில் இறக்கி, வளைந்து கொடுக்கிறதா என்று பார்க்க ராயபுரத்தில் இடமில்லை. காசிமேட்டின் தேங்கிய தண்ணீரில் விட்டால் அது வெறும் ஒழுகும் படகு. லாரியில் ஏற்றி, பாரிமுனையைத் தாண்டி, கோட்டையையும் நேப்பியர் பாலத்தையும் கடந்து மெரினாவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ராயபுரத்துக்கு வரவேண்டிய மணல் நூற்றைம்பது வருஷமாக அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறது.